குழாய்க்குள் அடைத்த காற்று

 

இந்த மாதம் கொஞ்சம் விசித்திரமான ஒரு விடயத்தைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. 'இது ஆண்பிள்ளைகளின் விஞ்ஞானப் பக்கம்' என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லையில், உங்கள் மகனின் கையால் நடக்கக்கூடிய காரியம் இது. அவனுடைய கண்ணோடும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணோடும் சம்பந்தப்பட்டது.

சென்ற மாதம் ஒரு நிக்காஹுக்காக நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப் பகுதிக்குப் போயிருந்தோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று பஸ்ஸில் போய்க் குறிகட்டுவானில் இறங்கினால் அதற்கப்பால் கடல்தான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் படகு. படகுக்குக் காத்திருந்த நேரத்தில், அதே நிக்காஹுக்குப் போகும் ஒரு சகோதரி என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ராத்தா, வீட்டில உருளைக்கிழங்கு தங்குதில்லை" என்று சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். "மகன் பைப்புக்குள்ள வச்சு அடிக்கிறான். காத்துத் துவக்காம். சைக்கிள் பம்பால காத்தடிச்சு, ஒரு பிடியைத் திறந்தா டமார் எண்டு பாயுது. ஃபோனில படம் பார்த்துச் செய்தவன். உள்ளுக்குப் பிஸ்டன் எண்டு ஒண்டு வச்சிருக்கிறான், அதுக்கு என்ட தேஞ்ச செருப்பை வெட்டிப் போட்டான்."

சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்புக் குறைந்தது. முதல் வாரம் ஒரு கிழங்கு குறி தவறிப் பக்கத்து வீட்டுத் தகர வேலியில் போய் மோதியதாம். அந்த வீட்டில் தனியே இருக்கும் ஆச்சி, சத்தம் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டாராம். இவர் ஓடிப்போய்த் தூக்கிய பிறகும் வெகு நேரம் நடுக்கம் நிற்கவில்லை. "மௌலவியிட்டக் கேளுங்க ராத்தா. உடைச்சு எறியவா, விடவா? அவன் கெட்ட பிள்ளை இல்லை."

நிக்காஹ் முடிந்ததும் அவர் வீட்டுக்கு நாங்கள் போனோம். பையனுக்குப் பதினைந்து வயது. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. ஒளிக்காமல் கொண்டுவந்து காட்டினான். அந்தப் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு பொறுமையாகச் செதுக்கியிருந்தான். அதைப் பார்த்ததும் என் உம்மாவின் நினைவு வந்தது.

உம்மாவின் பிஸ்டன்

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் எங்கள் வீட்டுக்கென்று இருந்த பெரிய சொத்து, யாரோ கொடுத்த ஒரு பித்தளை அடுப்பு. பம்ப் அடித்து எரிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு. எத்தனை தரம் அடித்தாலும் சில நாட்களில் காற்று ஏறாது. அப்போது உம்மா அந்தத் தண்டை வெளியே இழுத்து, அதன் நுனியில் இருக்கும் கிண்ணம் போன்ற தோல் வாஷரில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைப்பார். "தோலுக்குக் குடிக்கக் குடுத்துட்டுத்தான் வேலை வாங்க வேணும்" என்பார். காய்ந்து சுருங்கிய தோல் எண்ணெய் குடித்து விரிந்து, குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு இரண்டு அடியில் அடுப்பு சீறும்.

சகோதரிகளே, பிஸ்டன் என்பது இவ்வளவுதான். ஒரு குழாய், அதற்குள் இறுக்கமாக ஓடுகிற ஓர் அடைப்பு. நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடத்தில் அதற்கு முசலம் என்று பெயர். சைக்கிள் பம்பில் இருப்பதும், கிணற்றடிக் கைப்பம்பில் இருப்பதும், ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றும் சிரிஞ்சில் இருப்பதும் அதுதான். நாங்கள் ஏறிவந்த படகின் டீசல் என்ஜினிலும் அதுவே. அங்கே காற்றைப் பதினைந்து இருபதில் ஒரு பங்காக நெரிக்கிறது. நெரிபட்ட காற்று தானாகவே கொதித்து, எண்ணெய் பட்டதும் பற்றிக்கொள்கிறது. தனியாகப் பொறி தேவையில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில் அரசவைப் பொறியாளராக இருந்த அல் ஜஸரி 1206இல் முடித்த நூலில், இரண்டு பிஸ்டன்கள் மாறி மாறி இயங்கித் தண்ணீரை மேலே ஏற்றும் ஓர் இயந்திரத்தைப் படத்தோடு விளக்கியிருக்கிறார். காற்றுப் புகாமல் இருக்க அவர் பிஸ்டனில் வைத்தது சணல் கயிறு. என் உம்மாவுக்குத் தோல். இந்தப் பையனுக்குத் தன் உம்மாவின் செருப்பு! மூன்று பேரும் தீர்க்கப் பார்த்தது ஒரே பிரச்சினையைத்தான்.

ஆகவே பிஸ்டன் செய்யத் தெரிந்த கை ஒரு நிஃமத். அதைப் பழிக்க நான் வரவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள், சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். கைவேலையால் ஒரு குடாநாடே தாக்குப் பிடித்தது. அந்தப் புத்தியின் வாரிசுதான் இந்தப் பையன். ஆனால் அவன் காற்றைக் கொண்டு செய்ய விரும்பியது வேறு.

அடைத்த காற்று மறப்பதில்லை

உங்களில் சிலர் சிறுவயதில் மூங்கில் குழலில் பச்சைக் காயை அடைத்து, இன்னொரு காயைக் குச்சியால் தள்ளி, 'டப்' என்று வெடிக்க விட்டிருப்பீர்கள். அங்கே பின்னால் தள்ளும் காயே பிஸ்டன். அதிலுள்ள காற்று ஒரு கைப்பிடிக்கும் குறைவு. உங்கள் கை தள்ளிய பலத்துக்கு மேல் அதில் எதுவும் இல்லை.

பையன் செய்ததில் கணக்கே வேறு. அங்கே பம்பால் நூறு தரம் அடித்த பலம் ஒரு பெரிய குழாய்க்குள் சேர்ந்து காத்திருக்கிறது. பிஸ்டன் அங்கே பம்பின் வேலையைச் செய்யவில்லை, கதவின் வேலையைச் செய்கிறது. குழலின் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பிடியைத் திறந்ததும் சட்டென்று பின்வாங்குகிறது. சாதாரணக் குழாய்ப் பிடியைத் திருப்ப எடுக்கும் நேரத்தில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். பிஸ்டன் கதவோ கண் இமைக்கும் முன் முழுவதையும் ஒரே அடியாக விட்டுவிடும். சீமெந்துத் தொழிற்சாலைகளில் பெரிய கொள்கலன்களுக்குள் இறுகிப்போன தூளை உதிர்க்க இதே முறையில் காற்றுப் பீரங்கி வைக்கிறார்கள். உருக்கில் செய்து, சோதித்து, ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டு இயக்குவது அது.

எவ்வளவு பலம் என்று கேட்பீர்கள். உங்கள் அடுப்பில் ஏறும் பிரஷர் குக்கருக்குள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 இறாத்தல் அழுத்தம். அதற்கே ஒரு விசில், விசில் அடைத்தால் திறந்துகொள்ள இன்னொரு பாதுகாப்பு அடைப்பு. காருடைய ரயரில் 30 இறாத்தலுக்குச் சற்று மேல். நல்ல சைக்கிள் பம்பால் ஒரு சிறுவன் 100 இறாத்தல் வரை ஏற்றிவிடலாம். நாலு அங்குலக் குழாயின் மூடியைக் கணக்குப் பார்த்தால் பன்னிரண்டரைச் சதுர அங்குலம். அப்படியானால் அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் பலம் 1,250 இறாத்தல், ஏறக்குறைய 570 கிலோ! 50 கிலோ அரிசி மூட்டை பதினொன்றை அடுக்கி, அதைப் பசை போட்டு ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் மூடியின் மேல் வைத்தது போல. விசிலும் இல்லை, பாதுகாப்பு அடைப்பும் இல்லை.

இதைச் சொன்னதும் பையன் கெட்டிக்காரத்தனமாக ஒரு பதில் சொன்னான். "மௌலவி, பைப்பில அழுத்த எண் அச்சடிச்சிருக்கு. நான் அதுக்குக் குறையத்தான் அடிக்கிறேன்."

இந்த இடத்தை, சகோதரிகளே, நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எல்லோரும் சொல்லப்போகும் பதில் இது. பி.வி.சி. குழாயில் அச்சிட்டிருக்கும் எண் குளிர்ந்த தண்ணீருக்கானது. தண்ணீரை நெரிக்க முடியாது. குழாய் வெடித்தால் ஒரு பீச்சல், அத்தோடு அழுத்தம் இறங்கிவிடும். காற்று அப்படியல்ல. நெரித்து வைத்த சுருள் கம்பி போல, குழாய் உடைந்த பிறகும் விரிந்துகொண்டே போகும். உடைந்த துண்டுகளை எல்லாப் பக்கமும் எறியும். பி.வி.சி. கிழிவதில்லை, கண்ணாடிபோல் கூராக நொறுங்குகிறது. வெயிலில் கிடந்தால் நொய்ந்துபோகிறது, சூடேறினால் பலம் இழக்கிறது. தீவுப் பகுதி வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்! நூறு தரம் தாங்கியது நூற்றோராவது தரமும் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகம், தரைக்கு மேலே போடப்பட்ட பி.வி.சி. குழாய்களில் நெரித்த காற்றை அனுப்புவது ஆபத்து என்று 1988ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. தொழிற்சாலைக்கே ஆகாதது நம் கொல்லைக்கு ஆகுமா?

பெரியவர்களுக்கும் நேர்ந்தது

'பெரியவர்கள் கூட நின்றால் சரிதானே' என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில், பூசணிக்காயை யார் அதிக தூரம் எறிவது என்று 1986இல் ஒரு போட்டி தொடங்கியது. பல வருடங்கள் நடந்தது. அதில் வந்த ராட்சதக் காற்றுப் பீரங்கிகள் 4,000 அடிக்கு அப்பாலும் பூசணிக்காயை எறிந்தன. அனுபவப்பட்டவர்கள், இரும்புக் குழாய், திறந்த வயல், தொலைக்காட்சிக் கமரா எல்லாம் இருந்தன. 2016 நவம்பர் 6ஆம் திகதி ஒரு பீரங்கியிலிருந்து கழன்ற ஒரு பாகம் வானில் பறந்து வந்து விழுந்ததில், அங்கே நின்ற ஒரு பெண் உயிராபத்தான காயம் அடைந்தார். பூசணிக்காய் போன திசையில் நின்றவர் அல்லர் அவர். துவக்கின் முன்னால் நிற்காவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு.

நமக்கு இன்னும் பக்கத்தில் வருவோம். 2025 ஒக்டோபரில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், தீபாவளி நாட்களில், பிளாஸ்டிக் குழாயில் செய்த 'காபைட் துவக்கு' தெருவோரங்களில் விளையாட்டுச் சாமானாக விலைப்பட்டது. அது அழுத்திய காற்றால் அல்ல, வாயுவைப் பற்றவைத்து வெடிப்பது. ஆனால் குழாய் அதே குழாய், ஃபோன் படங்களில் பார்த்து வாங்கிய ஆசையும் அதே ஆசை. சில நாட்களுக்குள் போபால் முதலிய ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு நூற்றுக்கும் அதிகமானோர் கண் காயத்தோடு வந்தார்கள். பெரும்பாலும் சிறுவர்கள். சிலருக்குப் பார்வை திரும்பவில்லை. வெடிக்காத குழாய்க்குள் எட்டிப் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், விரலிடுக்கில் வைத்துச் சிறு கல்லைச் சுண்டி எறிவதைத் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதனால் வேட்டைப் பிராணியும் விழாது, எதிரியும் வீழ மாட்டான், பல் உடையும், கண் போகும் என்ற கருத்தில் காரணமும் சொன்னார்கள். விரலால் சுண்டும் கல்லுக்கே அந்தக் கவனம் என்றால், 100 இறாத்தல் காற்றுக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று பையனிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தீவில் சத்தத்துக்கு ஒரு பொருள் உண்டு

பிறகு ஆச்சியைப் பற்றிப் பேசினேன். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கிற ஹமன்ஹீல் கோட்டையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பீரங்கி என்பது ஒரு வேடிக்கைப் பொருள். ஆச்சிக்கு அது வேடிக்கை அல்ல. தீவுப் பகுதி மக்கள் ஷெல் சத்தத்தில் எத்தனை வருடம் வாழ்ந்தார்கள், எத்தனை பேரை இழந்தார்கள் என்பதை அந்தப் பையன் பிறக்கும் முன்னரே எல்லாம் நடந்துவிட்டதால் அவன் அறியான். போர் 2009இல் முடிந்தது. ஆச்சியின் காதுக்குள் அது இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டாரை அச்சமின்றி இருக்கவிடுவது நம் மீதுள்ள கடமை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. குழாய் தேடும் பையன் வெறும் காணிகளிலும் பழைய இரும்புக் குவியலிலும் தேடுவான். வடக்கில் போர்க்கால வெடிபொருட்கள் இன்றும் நிலத்தில் கிடைக்கின்றன. துருப்பிடித்த எந்தக் குழாயையும் எந்த இரும்பையும் தொடாமல், தட்டாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பொலிஸாருக்குச் சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடம் இன்றே சொல்லுங்கள். அனுமதியில்லாமல் துவக்குச் செய்வதைத் தடுக்கும் சட்டமும் 1916 முதல் நம் நாட்டில் இருக்கிறது. எது துவக்கு, எது விளையாட்டு என்று தீர்மானிக்கும் உரிமை பிள்ளையிடம் இல்லை.

உம்மாமார் என்ன செய்யலாம்?

முதலாவது, அப்படி ஒரு சாமானைக் கண்டால் கத்தாதீர்கள், காலால் உதைக்காதீர்கள், அடித்து உடைக்காதீர்கள். உள்ளே காற்று இருந்தால் நீங்கள்தான் காயப்படுவீர்கள். சிறு பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டு, காற்றை மெல்ல இறக்கத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, எப்படிச் செய்தாய் என்று அவனைக் கேளுங்கள். அவன் சொல்லட்டும். தன் கெட்டித்தனத்தை வீட்டில் யாரும் கேட்காத பிள்ளை அதைத் தெருவில் காட்டுவான். கேட்ட பிறகு, 'இந்தக் குழாய் வெடித்தால் யார் கண்ணில் படும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் அந்தப் பையனிடம், காற்றடிக்கும்போது குழாயை யார் பிடிப்பது என்று கேட்டேன். "தங்கச்சி" என்றான். சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது.

மூன்றாவது, கண்ணில் அடிபட்டுவிட்டால்: தேய்க்க விடாதீர்கள். குத்தி நிற்கும் துண்டை இழுக்காதீர்கள். கண் கிழிந்திருக்கும் என்று தோன்றினால் கழுவாதீர்கள். தாய்ப்பால், தேன், எண்ணெய் எதுவும் விடாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணில் அழுத்தாமல் மேலே மூடிக் கட்டி, சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வெளியே பெரிதாகத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆனால் அம்புலன்ஸ் கடலில் ஓடாது. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் இருக்கும் தாய்க்கு, இரவில் பிள்ளையின் கண் போனால் முதலில் படகு கிடைக்க வேண்டும். நகரத்துத் தாயைவிட அவள் இரு மடங்கு முன்யோசனையோடு இருக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, பறித்த கைக்கு வேறொன்றைக் கொடுங்கள். இதுதான் முக்கியம். வெறுங்கையோடு விட்டால் அவன் அடுத்த குழாயைத் தேடுவான்.

அந்த வீட்டில் இதற்கு வழி பக்கத்திலேயே இருந்தது. மறுநாள் காலை அந்தச் சகோதரி மகனைக் கூட்டிக்கொண்டு ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அங்கே கிணற்றடியில் துருப்பிடித்த கைப்பம்ப் ஒன்று சும்மா நின்றது. ஆச்சி இந்த வயதிலும் வாளியால்தான் அள்ளுகிறார். தீவுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மோட்டார் வைத்து இழுத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிக் கிணறே கெட்டுப்போகும். அங்கே மெதுவாக இழுக்கும் கைப்பம்ப்தான் கிணற்றுக்கும் நல்லது, ஆச்சியின் முதுகுக்கும் நல்லது. "இதுக்குள்ளயும் பிஸ்டன்தான் மகன்" என்று உம்மா சொன்னதும் பையன் குனிந்து பார்த்தானாம்.

சென்ற வாரம் அந்தச் சகோதரி என் மனைவிக்கு ஃபோன் எடுத்தார். தோல் வாங்கி வெட்டி, இரண்டு தரம் பிழைத்து, மூன்றாம் தரம் தண்ணீர் வந்ததாம். இன்னும் கொஞ்சம் ஒழுகுகிறதாம். வாஷரைத் தேங்காய் எண்ணெயில் ஊற வைத்தானா என்று நான் கேட்கச் சொன்னேன். இல்லையாம்!

அவன் செய்த குழாயை அவனே துண்டாக வெட்டி, தங்கச்சியின் பூச்செடிக்குத் தண்ணீர் போக வைத்திருக்கிறான். தண்ணீருக்கென்று செய்த குழாய் தண்ணீருக்கே போய்ச் சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய அடுப்போ பம்போ கிடந்தால், இன்று பின்னேரம் இறக்கி உங்கள் பிள்ளையின் முன் வையுங்கள். மகனாக இருந்தாலும் சரி, மகளாக இருந்தாலும் சரி. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.